அகலம் ஆயிரத்து இருநூறு

கடையின் அகலம் பதினோரு அடி.
உயரம், போர்டோடு சேர்த்து, பதினெட்டு.
இணையக் கையேட்டுக்காரன் கேட்கும் முகப்புப் படமோ
அகலம் ஆயிரத்து இருநூறு, உயரம் நானூறு.
கடையைப் படுக்க வைத்தால்தான்
அதற்குள் அடங்கும்.

அஜ்மான் சனையாவில் ஏசி பழுது பார்க்கிறோம்.
நான் கணக்கெழுத வந்தவன்.
கம்ப்யூட்டர் தெரியும் என்று பயோடேட்டாவில் ஒரு வரி;
அதைப் பிடித்துக்கொண்டார் முதீர்.
"எதிர்க்கடை போன வாரமே ஏறியாச்சு.
இன்னைக்குள்ள நாமளும் ஏறணும்."

முதல் படத்தை இழுத்து நிரப்பினேன்.
மூலையில் ஒரு சின்னப் பூட்டு,
அதைத் திறந்தால்தான் இழுக்க விட்டது.
ஷட்டர் கப்பல் போல் நீண்டது.
வாசலில் நின்ற டிரைவர் குல் ஜமான்
மூன்று ஆள் அகலத்துக்கு விரிந்தான்.
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
இந்த உடம்புக்கு இந்தச் சம்பளம் காணாது.

பூட்டைப் பூட்டினேன்.
கடை ஒல்லியாகி நடுவில் நின்றது,
இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி வெள்ளை.

தள்ளி நின்று எடுக்கலாமென்று
சாலை நடுவுக்கே போனேன்.
தண்ணி லாரிக்காரன் ஹாரனில் திட்டினான்.
இடப்பக்கம் பஞ்சர் கடை, பேட்டரி கடை,
வலப்பக்கம் ஏமன்காரரின் மந்தி ஓட்டல்,
இடையில் நாங்கள்,
பல்லிடுக்கில் பாக்கு மாதிரி.
அனுப்பினேன். திரும்பி வந்தது:
படத்தில் தொலைபேசி எண் கூடாது.

எங்கள் போர்டில்
பெயரைவிட எண்தான் பெரிது.
பெயரை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ரோபியுல் தன் கட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டு
கூரையேறினான்.
குப்புறப் படுத்து,
நீலப் பூப்போட்ட அந்தத் துணியை
போர்டின் மேல் தொங்கவிட்டுப் பிடித்தான்.
ஆகஸ்ட். பகல் ஒன்றே முக்கால்.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை வாங்கக் கூடாது, சட்டம்.
போட்டோ எடுப்பது வேலையில் சேராது
என்றார் முதீர், உள்ளேயிருந்து.

தகரம் சுட, கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தான்.
பூவெல்லாம் அங்குமிங்கும் ஆடின.
ஒரு சூடான்காரர் காரை மெதுவாக்கி,
கடையில் யாராவது மௌத்தா என்று கேட்டுப் போனார்.
என் போன் கொதித்து,
ஆறும்வரை காத்திருக்கவும் என்று
எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது.
போனுக்கு அந்தச் சலுகை இருந்தது.

பதினேழாவது படம் தேறியது.
பிறகு வெட்டு.
ஏணி போனது. வானம் போனது.
ரோபியுலின் தலை போனது,
முழங்கை, மணிக்கட்டு.
விரிப்பின் மேல்விளிம்பில்
நான்கு விரல்கள் மிச்சம்.
இன்னும் ஒரு கோடு இறக்கினால்
கடைப்பெயரின் தலை போகும்.
விட்டுவிட்டேன்.

ஆறு எம்பி படம், ஐந்நூறு கேபி வாசல்.
தரத்தை எண்பது, அறுபது, நாற்பது என்று
குறைக்கக் குறைக்க
முதலில் கரைந்தது குல் ஜமானின் மீசை,
அடுத்து ஓட்டலின் விலைப்பட்டியல்.
துணியின் பூ மட்டும் ஏனோ
கடைசிவரை பூவாகவே இருந்தது.

இரவு பத்தரைக்கு ஏற்றுக்கொண்டார்கள்.
கைபேசியில் பார்த்தால்
ஒரு கட்டைவிரல் அகலம்,
அதற்குள் ஐந்து கடை.
முதீர் "காலாஸ்" என்று விளக்கணைத்தார்.

ரோபியுல் லிங்க் கேட்டான்,
சில்ஹெட்டுக்கு அனுப்பினான்.
மனைவி பெரிதாக்கிப் பார்த்தாளாம்.
விரல்களை அவள் கவனிக்கவில்லை.
நான் கொடுத்தனுப்பின விரிப்பு
வீதியில் ஏன் தொங்குது என்று
அரை மணி நேரம் சண்டை.
சாயம் போயிடும், சாயம் போயிடும் என்று
அவள் குரல் ஸ்பீக்கரில் அறை முழுக்க.
அவன் சிரித்துக்கொண்டே
உள்ளங்கைக்குப் பற்பசை தடவினான்.

காலையில் முதல் அழைப்பு.
கையேட்டில் பார்த்தோம், மந்தி எவ்வளவு
என்று கேட்டார் ஒருவர்.
அரைக்கோழி இருபத்திரண்டு திர்ஹம் என்றேன்.
படத்தில்தான் அழிந்தது;
எதிரே உட்கார்ந்து பார்க்கிறேனே
தினமும்.